பிடித்த கரியமில வாயு எங்கே போகிறது?

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அதைக்கொண்டே சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. கரக்பூர் ஐஐடியில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இதற்கான கரைசலை உருவாக்கித் தந்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம், அதுவும் அரசு மானியம் இல்லாமல் என்ற செய்தி உலக ஊடகங்களின் கவனத்தை ஈர்த்தது. அரசு நிதி இருந்தால்தான் நடக்கும் என்று கருதப்பட்ட வேலையை வணிகக் கணக்குக்குள்ளேயே செய்துகாட்டியது பாராட்டத்தக்க சாதனை. ஆனால் ஆலைப் புகையைப் பொருளாக்கிவிட்டால் புவி வெப்பமடைதலுக்கு விடை கிடைத்துவிடும் என்று இதிலிருந்து பலரும் எட்டும் முடிவு உண்மைகளோடு பொருந்தவில்லை. எத்தனை டன் பிடித்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பிடித்த வாயு எங்கே போகிறது, எவ்வளவு காலம் அங்கே தங்குகிறது, எதற்கு மாற்றாக வருகிறது என்றும் கேட்க வேண்டும். அப்போதுதான் இத்தொழில்நுட்பத்தின் மதிப்பும் எல்லையும் விளங்கும்.

பிரிக்கும் முறை புதியதல்ல. அமீன் வகை வேதிப்பொருளால் கரியமில வாயுவை உறிஞ்சும் முறைக்கு 1930இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. உயரமான கோபுரத்தின் அடியிலிருந்து புகை மேலேறும். மேலிருந்து அமீன் கரைசல் இறங்கி வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு கரைசலைச் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் ஏறத்தாழத் தூய வாயு வெளிவரும். கரைசல் மறுபடி கோபுரத்துக்குத் திரும்பும். செலவெல்லாம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்தக் கலவையிலிருந்து ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்க, வழக்கமான அமீன் கரைசலுக்கு 3 முதல் 4 கிகாஜூல் வெப்பம் வேண்டும். அனல்மின் நிலையத்தில் இந்த அமைப்பை நிறுவினால், சுழலியை ஓட்ட வேண்டிய நீராவியில் ஒரு பகுதி இதற்கே போய்விடும். முன்பு தந்த அதே மின்சாரத்தைத் தரக் கூடுதல் நிலக்கரி எரிக்க நேரும். அதனால் பிடித்த டன் வேறு, காற்றில் சேராமல் தவிர்த்த டன் வேறு. விளம்பரங்கள் முதல் எண்ணைச் சொல்கின்றன. வளிமண்டலம் இரண்டாவதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பிடித்த பிறகான பயணம் இன்னும் முக்கியமானது. ஒரு டன் சோடா உப்பில் சுமார் 415 கிலோ கரியமில வாயு அடங்கியிருக்கிறது. சோடா உப்பைப் பெருமளவில் வாங்குவது கண்ணாடித் தொழில். மணலோடு சேர்த்து உலையில் உருக்கும்போது அந்த வாயு முழுவதும் வெளியேறிவிடுகிறது. சமையல் சோடாவாக மாறினால் அடுப்பின் சூட்டிலோ புளிப்பின் வினையிலோ கிளம்பிவிடும். யூரியாவின் கதையும் இதுவே. உலகில் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் கரியமில வாயு தொழில்களில் பயன்படுகிறது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2019இல் கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேல், சுமார் 13 கோடி டன், யூரியாவுக்குப் போகிறது. வயலில் இட்ட யூரியா சில நாள்களிலேயே மண்ணில் சிதைந்து அந்த வாயுவை வெளிவிடுகிறது. இப்படிப்பட்ட மறுபயன்பாடு கடனை அடைப்பதாகாது, தவணையைத் தள்ளிப்போடுவதே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வழக்கமான சால்வே முறையில் சோடா உப்புக்குத் தேவையான வாயுவைச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் பெறுகிறார்கள். எப்படியும் வீணாகும் புகையிலிருந்து அதை எடுத்தால், புதிதாகச் சுட வேண்டிய கல் மிச்சம். வாயு பின்னர் வெளியேறினாலும் ஒரு முறை உமிழ்வு குறைந்ததல்லவா என்பது அந்த மறுப்பு. இது சரியான வாதம். தூத்துக்குடி போன்ற முயற்சிகளின் நியாயமும் இதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாயத்துக்குச் சந்தையின் அளவே எல்லை. உலகம் ஆண்டுதோறும் தயாரிக்கும் சோடா உப்பு முழுவதையும் புகையிலிருந்தே செய்தாலும் அதில் அடங்கும் வாயு 3 கோடி டன் அளவைத் தாண்டாது. எரிசக்தித் துறை வெளிவிடுவதோ ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். 60,000 டன் என்பது ஆயிரம் மெகாவாட் நிலக்கரி நிலையம் முழு வீச்சில் இரண்டரை நாளில் வெளிவிடும் அளவு. சந்தை ஏற்கும் பொருள்களின் அளவுக்கும் புகைபோக்கிகளின் அளவுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைத் திறமையான கரைசல் எதுவும் நிரப்பாது.

எரிபொருளுக்குச் சந்தை பெரியதாயிற்றே, புகையிலிருந்து மீத்தனால் செய்யலாமே என்பது அடுத்த யோசனை. ஐஸ்லாந்தில் ஜார்ஜ் ஓலா பெயரிலான ஆலை 2012 முதல் புவிவெப்ப மின்சாரத்தைக் கொண்டு இதைச் செய்தது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்டிபிசி நாளொன்றுக்கு 20 டன் வாயுவைப் பிடித்து 10 டன் மீத்தனாலாக்கும் சோதனை அமைப்பை நிறுவியிருக்கிறது. வேதியியல் அளவில் இவை அரிய முயற்சிகள். ஆனால் கரியமில வாயு எரிந்து முடிந்த பொருள். அதை மீண்டும் எரியும் பொருளாக்க, எரிந்தபோது கிடைத்ததைவிட அதிக ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும். ஒரு டன் மீத்தனாலுக்கு 1.4 டன் கரியமில வாயுவும் ஏறத்தாழ 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. அந்த ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்கவே சுமார் 10,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கிடைக்கும் மீத்தனாலை எரித்தால் திரும்பி வருவது ஏறத்தாழ 5,500 யூனிட்டுக்கு ஈடான வெப்பம். அதே 10,000 யூனிட் சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாக நேரே கம்பியில் ஏறினால், சுமார் 9 டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தவிர்க்கப்படும். பேட்டரியால் ஓட்ட முடியாத கடற்கப்பலுக்கும் விமானத்துக்கும் இத்தகைய எரிபொருள் வருங்காலத்தில் தேவைப்படலாம். நிலக்கரி மின்சாரமே பெரும்பங்கு வகிக்கும் இன்றைய இந்தியாவில் அது முதல் வேலையாக இருக்க முடியாது.

பெரிய அளவில் நடந்த திட்டங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. கனடாவின் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014இலும் டெக்சாசின் பெட்ரா நோவாவில் 2017இலும் நிலக்கரிப் புகையிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் வாயு பிடிக்கும் அமைப்புகள் தொடங்கின. இரண்டிலும் வாயுவை வாங்கியவை எண்ணெய் வயல்கள்; பழைய கிணறுகளில் எஞ்சிய எண்ணெயை மேலே தள்ள அது பயன்பட்டது. ஏறத்தாழ நூறு கோடி டாலரில் உருவான பெட்ரா நோவா, எண்ணெய் விலை சரிந்த 2020இல் நின்றுபோய் 2023இல்தான் மறுபடி இயங்கியது. புகையைக் குறைக்கும் வேலை எண்ணெய் விலையை நம்பியிருந்தால் அது நிலைக்காது. நார்வேயில் நடந்தது வேறு. அங்கே 1991இல் கரிம வரி வந்தது; 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் பிரிக்கப்படும் கரியமில வாயு கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டு வருகிறது. காற்றில் விடுவது செலவு என்றான பிறகு, புதைப்பதற்குப் பொருள் சந்தை தேவைப்படவில்லை.

சூரியத் தகடும் ஒரு காலத்தில் விலை கூடியதுதானே, பழகப் பழக இதுவும் மலிந்துவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு மலியும், புதிய கரைசல்கள் வெப்பத் தேவையைக் குறைத்து வருகின்றன. ஆனால் சூரியத் தகடு ஒரே வார்ப்பில் கோடிக்கணக்கில் உருவாகும் பொருள். பிடிப்பு அமைப்பையோ ஒவ்வோர் ஆலையின் புகைக்கும் இடத்துக்கும் ஏற்பத் தனியே கட்ட வேண்டியிருக்கிறது. மேலும், கலந்த வாயுவைப் பிரிக்க இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. அதற்குக் கீழே எந்தக் கண்டுபிடிப்பும் இறங்காது.

அப்படியானால் இத்தொழில்நுட்பத்தைக் கைவிடலாமா? கூடாது. அதற்குரிய இடம் அனல்மின் நிலையம் அல்ல, சிமென்ட் ஆலை. மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் மாற்றாக இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லுக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. சிமென்ட் ஆலையின் உமிழ்வில் சுமார் அறுபது விழுக்காடு எரிபொருளிலிருந்து அல்ல, கல் சுடப்படும்போது கல்லிலிருந்தே கிளம்புகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அந்தப் புகை நிற்காது. நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துக் கடலடியில் சேமிக்கும் அமைப்பு 2025இல் திறக்கப்பட்டது. அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை டால்மியா சிமென்ட் 2019இல் அறிவித்ததும் சரியான திசையில் வைத்த அடியே. மறுபயன்பாட்டிலும், வாயுவைக் கான்கிரீட்டிலும் கட்டுமானக் கற்களிலும் கார்பனேட்டாக உறையவைக்கும் முறைகளே நம்பத்தக்கவை. அங்கே கரிமம் கட்டடத்தின் ஆயுளையும் தாண்டித் தங்குகிறது.

இந்திய அனல்மின் நிலையங்கள் பல இளவயதினவை. அவற்றை மூட முடியாத நாட்டுக்குப் புகையைப் பிடிப்பதே வழி என்று வாதிடுவோர் உண்டு. ஓடும் நிலையங்களை ஒரே நாளில் மூட முடியாது என்பது உண்மை. அதே சமயம், பிடிப்பு அமைப்பைக் காரணம் காட்டிப் புதிய நிலையங்கள் கட்டப்படுவதும் பழையவற்றின் ஆயுள் நீட்டப்படுவதும் மேலும் நிலக்கரி எரிப்பதில்தான் முடியும். இந்த வேறுபாட்டைக் காக்கக் கணக்கு முறையே கருவி. உற்பத்திப் பொருளில் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட கரிமத்துக்கு மட்டுமே சலுகை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதி வகுத்தது. இந்தியாவும் 2023இல் கரிம வரவு வணிகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதில் யூரியாவுக்கும் சோடா உப்புக்கும் போகும் டன்னை, பாறையிலும் கான்கிரீட்டிலும் உறையும் டன்னுக்கு இணையாக வைக்கக் கூடாது. பிடிக்கச் செலவான ஆற்றலின் உமிழ்வைக் கழிக்க வேண்டும். ஒரே டன்னைப் பிடித்தவரும் வாங்கியவரும் இருமுறை எழுதிக்கொள்வதைத் தடுக்க வேண்டும். பொதுப்பணம் சிமென்ட், சுண்ணாம்புச் சூளைகளுக்கு முதலில் போகட்டும். மின்சாரத்துக்கு ஒதுக்கும் பணம் புகையைத் துரத்திப் பிடிப்பதைவிடப் புகையே எழாத வழியில் செலவாவதுதான் நாட்டுக்கு நல்லது.