நிறைவான கொலையும் வர்க்க நோக்கும்

1924 ஆம் ஆண்டு சிக்காகோவில் லெயொபோல்ட், லோப் எனும் செல்வக்குடி மாணவர் இருவர், தம் அறிவு மேன்மையை நிறுவும் பொருட்டு 14 வயதுச் சிறுவனொருவனைக் கொன்றனர். ஹிச்கொக்கின் ‘றோப்’ (1948) உட்படப் பல படைப்புகளுக்கு அக்கொலையே தூண்டுதல் என்பர். பார்பே ஷ்றோடர் நெறிப்படுத்திய ‘மேர்டர் பை நம்பர்ஸ்’ (2002) அவ்வரிசையில் வருவது. துப்பறியும் படமென இதனை ஒதுக்கிவிடுதல் திறனாய்வுக்கே இழப்பாகும்.

கலிபோர்னியப் பாடசாலை மாணவர் இருவர், முன்பின் அறியாத பெண்ணொருத்தியைக் கொல்கின்றனர். நோக்கமற்ற கொலையில் தம்மைத் தொடர்புபடுத்த வழியிராது என்பது அவர்தம் கணக்கு. எனினும் பாடசாலைத் துப்புரவுத் தொழிலாளிமீது பழியைச் சுமத்தி, அவனையும் கொன்று, அதனைத் தற்கொலையாகக் காட்டிய பின்னரே கணக்கு முழுமை பெறுகின்றது. அவனைக் குற்றவாளியென ஏற்பதில் மேலதிகாரிகளுக்கு இடர்ப்பாடில்லை. செல்வந்தர் மகனை ஐயுறவே தயங்குகின்றனர். கொலையை ‘நிறைவாக்குவது’ மாணவரின் நுண்ணறிவன்று, அவ்வர்க்க நம்பிக்கையே. திரைக்கதையின் மெய்யான கண்டுபிடிப்பு இதுவெனலாம்.

ஆயின் படைப்பாளிகள் தாம் கண்டதற்கே அஞ்சியவர் போல் விலகிவிடுகின்றனர். பிற்பகுதி பெரிதும் துப்பறியும் பெண் அதிகாரியின் (சன்ட்ரா புல்லொக்) பழைய மணவாழ்க்கைக் காயங்களிலும், இருவருள் எவன் கழுத்தை நெரித்தான் என்ற புதிரிலும் கழிகின்றது. ஒருவனையொருவன் வெறுத்துக்கொண்டே சார்ந்துநிற்கும் நிலையை றயன் கொஸ்லிங்கும் மைக்கல் பிட்டும் உணர்த்துந் திறன் பாராட்டற்பாலது. தொழிலாளியின் சாவோ தடயமாகப் பயன்பட்டதும் மறக்கப்படுகின்றது. இறுதிக் காட்சியும் அதிகாரியின் சொந்த வழக்கொன்றுடனேயே முடிகின்றது.