ஒரே கட்டை, ஆறு பொழுது

அந்தமான் தமிழர் காதில் 'ஜப்பான்' என்ற சொல் விழுந்தால் ஓவியம் நினைவுக்கு வராது. 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கிய படைதான் வரும். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்ட 44 பேர் வருவார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு ஜப்பானிய ஓவியர் ஒருவரைப் பற்றி எழுத வந்துவிட்டீரே என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். விடை அவர் வாழ்விலும் படங்களிலுமே இருக்கிறது என்பது அடியேன் கருத்து.

அவர் பெயர் யோஷிதா ஹிரோஷி (1876–1950). ஹொக்குசாய், ஹிரோஷிகே ஆகியோரை அறிந்த நம்மவரிலும் இவரை அறிந்தவர் குறைவு. முதலில் மேனாட்டு முறையில் வண்ண ஓவியம் தீட்டியவர். நாற்பதைத் தாண்டிய பிறகே மர அச்சுக் கலைக்கு வந்தார்.

அக்கலையில் வரைபவர் ஒருவர், செர்ரி மரக் கட்டையில் செதுக்குபவர் ஒருவர், வண்ணம் தடவித் தாளில் ஒற்றுபவர் ஒருவர், முதல் போடும் பதிப்பாளர் ஒருவர். நம்ம ஜவுளித் தொழிலிலும் இதே கதைதானே? அச்சுக்கட்டை வெட்டினவன் பேரு சேலையில வராது. யோஷிதா 1925இல் சொந்தப் பட்டறை அமைத்து, ஒவ்வொரு வேலையையும் கூடவே இருந்து மேற்பார்த்தார். அப்படி அச்சான தாளின் ஓரத்தில் 'ஜிஸுரி', அதாவது 'தானே அச்சிட்டது' என்ற முத்திரை இருக்கும். முத்திரை அவருடையது, உழைத்த கைகள் பல. வியாபாரி கண்ணுக்கு இது தப்பாது.

அவருடைய சிறந்த படைப்பு 1926இல் வந்த 'பாய்மரப் படகுகள்' என்பேன். ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடல். முன்னால் பெரிய பாய் விரித்த படகு, நீரில் அதன் நிழல். அதே கட்டைகளில் வண்ணத்தை மாற்றி மாற்றி ஒற்றி, காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு படங்கள் ஆக்கினார். காலையில் ஒளியில் குளிக்கும் படகு மூடுபனியில் கரைந்தே போகிறது. ஜங்லிகாட் படகுத்துறையை விடியலிலும் அந்தியிலும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சமணத்தில் அநேகாந்தம் என்போம். ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு கட்டாதே என்பது அதன் சாரம். ஆறு தாளையும் வரிசையாக வைத்தால் அந்தத் தத்துவம் கண்ணெதிரே நிற்கிறது.

1930–31இல் மகன் தோஷியுடன் இந்தியா வந்தார். தாஜ்மகாலைப் பகலிலும் நிலவிலும் படமாக்கினார். காசி, எல்லோரா, மதுரைப் பெரிய கோயில் எல்லாம் அவர் அச்சில் உண்டு. கல்லும் ஒளியும் அருமை. குறையும் உண்டு. மனிதர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கு அலங்காரமாகவே நிற்கிறார்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தால் நாடே கொதித்த காலம் அது. அந்தக் கொதிப்பின் சுவடு நான் பார்த்த படங்கள் எதிலும் இல்லை.

1938 முதல் போர் ஓவியராகச் சீனாவுக்கும் போனார். கடலுக்கு ஆறு பொழுது கண்ட கண்ணுக்கு, படையோடு போனபோது ஒரு பக்கம்தான் கிடைத்தது.

அப்படியானால் படகுகளைத் தள்ளிவிடுவதா? வேண்டாம். படகுகளைக் காட்டிப் போரை மறைப்பதா? அதுவும் கூடாது. அநேகாந்தம் என்பது மன்னிப்புச் சீட்டு இல்லீங்க. எந்தத் தாளையும் ஒளித்து வைக்காதே என்பதுதான். நம் பிள்ளைகளை ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்துக்கு அழைத்துப் போவோம். அந்த ஆறு படகுகளையும் அதே பிள்ளைகளுக்குக் காட்டுவோம். இரண்டையும் பார்த்த பிள்ளை நம்மைவிட நன்றாகத் தீர்ப்பு சொல்லும்.