முதலாளியின் பெயரில் ஒரு விசா: வேலை அனுமதி முறையின் நிறையும் குறையும்

அயல்நாட்டில் வேலைக்குச் செல்லும் ஒருவருக்காக அந்நாட்டிலுள்ள ஒரு நிறுவனமே அரசிடம் விண்ணப்பித்து, அவருடைய வேலைக்கும் சம்பளத்துக்கும் பொறுப்பேற்று, அந்தப் பொறுப்பின் பேரில் அவருக்குக் கிடைக்கும் அனுமதியே முதலாளி பொறுப்பேற்கும் வேலை விசா எனப்படுகிறது. பொறுப்பேற்கும் நிறுவனத்தை 'ஸ்பான்சர்' என்பது ஏஜெண்டு அலுவலகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் ஒருசேர வழங்கும் பெயர். அமெரிக்காவின் எச்1பி, பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசா, சிங்கப்பூரின் ஒர்க் பெர்மிட்டும் எஸ் பாஸும், வளைகுடா நாடுகளின் கஃபாலா முறை ஆகியவை சட்ட நுணுக்கங்களில் வெகுவாக வேறுபட்டாலும், வேலை செய்யும் உரிமையையும் அந்நாட்டில் தங்கும் உரிமையையும் ஒரே முதலாளியின் பெயரோடு முடிச்சிடுவதில் ஒன்றுபடுகின்றன. இம்முறையின் நன்மைகளும் தீமைகளும் அந்த ஒரே முடிச்சிலிருந்து பிறப்பதால், சம்பளத் தொகையை மட்டும் வைத்து இதனை மதிப்பிடுவோர் பாதியையே மதிப்பிடுகின்றனர். வேலை போகும் நாளில் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி இதன் உண்மையான விலை தெரியவராது.

புதுச்சேரி நகரின் வடபால், சித்தானந்த சுவாமிகள் கோயிலும் பாரதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குயில்தோப்பும் அமைந்த கருவடிக்குப்பத்திலிருந்து இக்கேள்வியை நோக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்றே நடைமுறைக்கு வந்தது. அந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டனர். தெரிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்களாயினர். அன்று போட்ட அல்லது போடாமல் விட்ட ஒரு கையெழுத்தின் விளைவாக, இந்நகரத்தில் அயல்நாடு செல்வோர் சட்டத்தின் பார்வையில் இன்றும் இரு வகையினராக இருக்கின்றனர். 'சொல்தா' குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவரின் குடும்பம், தன் பிள்ளையைப் பாரிசுக்கு அனுப்ப எந்த முதலாளியின் கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கடிதம் இல்லாமல் பயணமே இல்லை. இருவரும் ஒரே ஊரில் ஒரே சம்பளத்துக்கு வேலை செய்தாலும், வேலையை விட்டுவிட்டு அந்நாட்டிலேயே இருக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உண்டு. ஸ்பான்சர் விசா எதைத் தருகிறது, எதைத் தராமல் வைத்துக்கொள்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் வெளிப்படும் அளவுக்கு வேறெங்கும் வெளிப்படுவதில்லை.

நிறைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அயல்நாட்டில் இறங்கும் நாளிலேயே வேலையும் சம்பளமும் எழுத்தில் உறுதியாக இருப்பது முதல் நன்மை. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் புள்ளி முறை, அதாவது வயது, கல்வி, மொழித்திறன், பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, 1967-இல் கனடாவில் தொடங்கிப் பின்னர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பரவியது; அது யாருக்கும் கட்டுப்படாத நிரந்தர வசிப்புரிமையைத் தருவது உண்மையே எனினும், கைத்தொழில் செய்பவரைவிடப் பட்டம் பெற்றவருக்கும், நடுவயதினரைவிட இளைஞருக்கும் சாதகமாக அமைந்தது. கனடாவில் இன்று நடைமுறையிலுள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் முப்பது வயதிலிருந்தே வயதுக்கான மதிப்பெண் குறையத் தொடங்கி, நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. நாற்பத்திரண்டு வயதுள்ள தேர்ந்த வெல்டர் ஒருவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் கழித்துவிடும். அவருடைய கைத்திறனை நேரில் சோதித்து எடுத்துக்கொள்ளும் முதலாளி கழிப்பதில்லை. சென்னையில் ஸ்கில் டெஸ்ட் எனப்படும் தொழில்திறன் தேர்வெழுதி, ஐ.பி.ஏ. என்ற முன்னனுமதிக் கடிதம் கையில் வந்ததும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் கட்டடத் தொழிலாளிக்கு, முதலாளி வழியைத் தவிர வேறு வழி எதுவும் திறந்ததில்லை.

இம்முறை விட்டுச்செல்லும் எழுத்துத் தடயம் மற்றொரு நன்மை. அது போதிய அளவுக்குப் பேசப்படாதது. பிரிட்டன் அரசு ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பொதுவில் வெளியிடுகிறது. அமெரிக்காவில் எச்1பி ஆளை எடுக்கும் நிறுவனம் அவ்வட்டாரத்தில் அவ்வேலைக்கு வழங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அப்படிப்பட்ட தாள் எதுவும் இருக்கவில்லை. சுற்றுலா விசாவில் அழைத்துப் போய் 'அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜெண்டோடு ஒப்பிடும்போது, முறையான ஸ்பான்சர் விசா எவ்வளவு குறையுடையதாயினும் ஒரு பாதுகாப்பே.

ஆயினும் பாதுகாப்புக்கும் பிடிமானத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது என்பதற்குப் புதுச்சேரித் துறைமுகத்தின் வரலாறே சான்று. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றப்பட்டனர். ரீயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே ஆள் போகத் தொடங்கியிருந்தது. 1853-இல் மர்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாகக் கொண்டு சேர்த்த 'ஒரேலி' என்னும் கப்பல் இக்கரையோரத்திலிருந்து புறப்பட்டதே. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவிலும் பிரெஞ்சுக்காரர் ஆள் திரட்ட இசைவளித்ததோடு, ஆள் ஏற்றும் துறைமுகங்களில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் மேற்பார்வை செய்யவும், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பும் பயணத்துக்கு இலவச இடம் தரப்படவும் விதி வகுத்தது. தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவரோ ஓடுகாலி என்றும் நாடோடி என்றும் பிடிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். தவணை முடிந்தவரும் மறு ஒப்பந்தம் எழுதும்படி நெருக்கப்பட்டார். நிலைமை முற்றியபோது, 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் போவதையே நிறுத்தியது. புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியதற்குப் பின்னால் இருந்ததும் இதே முறையின் பிரிட்டிஷ் வடிவம்தான். அதன் ஆள் திரட்டல் 1917-இல் நிறுத்தப்பட்டது. குவாதலூப்பில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதை ஏற்கச் செய்ய, ஒப்பந்தக் கூலியின் மகனான ஹென்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காட வேண்டியிருந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

இன்றைய விசாவை அன்றைய ஒப்பந்தக் கூலிமுறையோடு சமமாக்குவது மிகையாகும். எச்1பி பெற்ற மென்பொருள் பொறியாளர் வேலையை விட்டால் எவரும் அவரைச் சிறையில் அடைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய முதலாளி மனுச் செய்த உடனே அவர் அங்கே வேலையைத் தொடங்கவும் கூடும். இருப்பினும் இரு முறைகளுக்கும் பொதுவான எலும்புக்கூடு ஒன்று உண்டு: தொழிலாளி முதலாளியை விட்டு நீங்குவதை, அரசு குடிபெயர்வுக் குற்றமாகவோ குடிபெயர்வுத் தகுதியின் முடிவாகவோ கருதுவது. சவூதி அரேபியாவில் 'ஹுரூப்' எனப்படும் அறிவிப்பு, அதாவது தன் தொழிலாளி சொல்லாமல் ஓடிவிட்டார் என்று முதலாளி பதிவு செய்வது, ரீயூனியனின் ஓடுகாலிச் சட்டத்தை நினைவூட்டாமல் இராது. 2021 மார்ச்சில் அந்நாடு நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தம் தனியார் நிறுவனத் தொழிலாளர்க்கு வேலை மாறும் வழியைத் திறந்தபோதிலும், வீட்டு வேலைக்காரரையும் ஓட்டுநரையும் அதற்கு வெளியே நிறுத்தியது. கத்தார் 2020-இல் முதலாளியின் ஆட்சேபமின்மைக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது. அச்சட்டம் தேவைப்பட்டது என்பதே அதற்கு முன்பிருந்த நிலைக்குச் சான்றாகும்.

முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதை அளக்க, வேலை இழந்தவருக்கு அந்நாடு தரும் அவகாசத்தைப் பார்ப்பதே நேரான வழி. அமெரிக்கா அதிகபட்சம் 60 நாள் தருகிறது. பிரிட்டனும் ஏறத்தாழ அவ்வளவே தருகிறது. அறுபது நாளுக்குள் புதிய வேலை, அதுவும் ஸ்பான்சர் செய்ய முன்வரும் வேலை, கிடைக்காவிட்டால் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் ஊர் திரும்ப வேண்டியிருக்கும் நிலையில், மேலதிகாரியின் அநீதியை எதிர்த்துப் பேசுபவர் அரியவரே. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் இந்த அவகாசத்தை 60 நாளிலிருந்து 180 நாளாக உயர்த்தியது. அவ்வாறு உயர்த்தியதால் அந்நாட்டுத் தொழில்கள் சரிந்துவிடவில்லை. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் திருத்திய ஒற்றை அனுமதி ஆணை, வேலை மாறும் உரிமையை உறுப்பு நாடுகள் அளிக்க வேண்டும் என்றும், வேலையில்லாமல் குறைந்தது மூன்று மாதம் இருக்க இடம் தர வேண்டும் என்றும் வரையறுத்தது. முடிச்சைத் தளர்த்தினாலும் முறை நிலைக்கும் என்பதற்கு இவை போதிய சான்றாதலால், இறுக்கத்தைத் தொழில்துறையின் தேவை என்று காட்டும் வாதம் வலுவிழக்கிறது.

இவற்றோடு ஒப்பிடச் சிங்கப்பூரின் ஒர்க் பெர்மிட் தனி வகை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகைக்கு முதலாளி பொறுப்பாகிறார். தொழிலாளி குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்கவும் அரசின் முன்னனுமதி வேண்டும். இவ்வளவையும் அறிந்தே தமிழ்நாட்டிலிருந்தும் புதுவையிலிருந்தும் ஆட்கள் போகின்றனர் என்றால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தங்கைக்குத் திருமணம் முடிப்பதும் வீட்டுக்கு மாடி எடுப்பதுமே நோக்கமாக உள்ளவருக்கு, நிரந்தர வசிப்புரிமை தராத விசா குறையுடைய விசா ஆகாது. இம்முறையைக் கண்டிப்போர் பலரும் குடியேற விரும்புபவரின் கண்ணால் மட்டுமே பார்ப்பதால் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

குடியேற விரும்புபவருக்கோ மறைந்திருக்கும் செலவு காலமே. அமெரிக்காவில் வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் மொத்தத்தில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் வழங்கப்படுவதில்லை என்ற விதியினால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. அந்த வரிசையில் இடம் பிடித்துத் தரும் மனுவும் பெரும்பாலும் முதலாளியுடையதே. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது பலரும் பயந்தது தொகையின் பெருக்கத்துக்கு மட்டுமன்று. தம் வாழ்க்கைத் திட்டத்தைத் தாம் அமராத ஒரு மேசையில் எழுதும் ஆணை ஒரே இரவில் மாற்றிவிடக்கூடும் என்பதற்கும்தான்.

பணம் யார் கொடுக்கிறார் என்னும் கேள்வியில், பழைய ஒப்பந்தக் கூலிமுறை இன்றைய முறையைக் கொஞ்சம் நாணவைக்கிறது. அன்று கப்பல் செலவைத் தோட்ட முதலாளி ஏற்றார்; இன்று தொழிலாளியே நகையை அடகு வைத்துத் தன் வேலையை விலைக்கு வாங்குகிறார். இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். நடப்பில் இதைப் போலப் பல மடங்கு கைமாறுவதும், மிகுதிக்கு ரசீது கிடைக்காததும் ஊரறிந்த செய்தி. கடன் வாங்கிப் போனவரை முதலாளியோடு கட்டிப்போடுவது விசா மட்டுமன்று, வட்டியும்தான்.

இந்தக் கடனும் அந்த முடிச்சும் ஒன்றுசேரும்போது நேர்வதை அண்மையில் பிரிட்டன் காட்டியது. முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு 2022 பிப்ரவரியில் ஸ்பான்சர் விசா திறந்துவிடப்பட்டதும், இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெருந்தொகையானோர் சென்றனர். சில நிறுவனங்களிடம் வேலையே இருக்கவில்லை. விற்க ஸ்பான்சர் சான்றிதழ் மட்டும் இருந்தது. அரசு விழித்துக்கொண்டு 2022 நடுப்பகுதி முதல் 2024 இறுதி வரை பராமரிப்புத் துறையில் 470-க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் உரிமங்களை ரத்துச் செய்தது. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய பணியாளர் 39,000-க்கும் மேற்பட்டோர். குற்றம் செய்தது நிறுவனம்; அதன் உரிமம் போனதும் தங்கும் தகுதியை இழக்கும் நிலைக்கு வந்தது பணியாளர். குடும்பத்தை அழைத்துவரும் உரிமை 2024 மார்ச்சில் நீங்கியது; 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கும் அந்த வழியே மூடப்பட்டது.

இவர்களை இந்தியச் சட்டம் ஏன் முன்கூட்டிக் காக்கவில்லை என்றால், அதன் பார்வை வேறு திசையில் இருந்தது. குடிபெயர்வுச் சோதனை, அதாவது ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் அதிகாரி பார்த்து இசைவளிக்கும் ஏற்பாடு, பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, அதுவும் 18 நாடுகளுக்குச் செல்லும்போது மட்டுமே உரியது. பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு, பிரிட்டனும் சிங்கப்பூரும் இல்லை. செவிலியர்க்கு மட்டும் 2015 முதல் கல்வித்தகுதி எதுவாயினும் பட்டியலிலுள்ள நாடுகளுக்கு இச்சோதனை விதிக்கப்பட்டது. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார், வளர்ந்த நாடு தன் முதலாளிகளைத் தானே கண்டிக்கும் என்ற இரு எண்ணங்களின் மேல் 1983-இல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. பட்டம் பெற்ற பணியாளர்கள், சட்டத்தின் ஆட்சிக்குப் பேர்போன நாட்டில், உரிமம் பெற்ற ஸ்பான்சர்களிடம் ஏமாந்தபோது, அந்த இரண்டு எண்ணங்களும் ஒருங்கே பொய்த்தன. சோதனை தேவை என்ற முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டைத் தகுதிச் சான்றாகவே எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வழக்கமோ கருவடிக்குப்பத்திலும் மற்ற ஊர்களிலும் இன்னும் மாறவில்லை.