மான் திரும்பிய வழி

கல்முனைக்கு அருகிலுள்ள நற்பிட்டிமுனையிலிருந்து பாண்டிருப்புக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவத்தில் பஞ்சபாண்டவர் வேடமிட்டவர்கள் வனவாசம் போவார்கள். தீமிதிப்புக்குக் கூடும் கூட்டம் பெரிது. எனக்கென்னவோ வனவாசம்தான் அந்தச் சடங்கின் உயிர். சூதாடித் தோற்றவனைத் தருமன் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் தோற்ற பிறகு, பாஞ்சாலியும் பீமனும் இடித்துரைத்தும், கொடுத்த சொல்லுக்காக 12 ஆண்டு காட்டிலும் ஓராண்டு தலைமறைவாகவும் கழித்தானே, அதைத்தான் ஊர் நடந்து காட்டுகிறது.

நேர்மையாக நடந்தவனுக்கு அதனாலேயே துன்பம் வந்தால் அவன் இறைவனை எப்படி நம்புவது? இந்தக் கேள்வியைக் கல்முனைக் கரையின் இரு சமூகங்களும் தத்தம் ஏடுகளில் வைத்திருக்கின்றன. கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் கண்ணகி வழக்குரை ஒரு பக்கம். முஸ்லிம் வீடுகளில் ராகமிட்டு வாசிக்கப்பட்ட மாலைகளும் கிஸ்ஸாக்களும் மறுபக்கம். இவற்றை ஒன்றாக வைத்துப் படித்தவர்கள் குறைவு. படிப்பவர்களும் பெரும்பாலும் முடிவைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: நல்லவன் கடைசியில் வென்றான், ஆகவே நம்பிக்கை பலித்தது என்று. இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் 3 காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. அதில் பாமரரும் அறிந்த பகுதி மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனிடம் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் நாயகம் பிணை நிற்கிறார்கள். காட்டுக்குப் போன மிருகம் திரும்பி வருமா என்பது வேடனின் சந்தேகம். மான் போய்த் தன் கூட்டத்தைச் சேர்கிறது, கன்றுக்குப் பால் கொடுக்கிறது, தடுத்தும் கேளாமல் திரும்புகிறது. கன்றும் கூடவே வருகிறது. வேடன் மனம் மாறி ஈமான் கொண்டதும் மான் விடுதலையானதும் பாடப்புத்தகக் கேள்விக்கு விடையாகப் போதும். படலத்தின் கனமெல்லாம் மான் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. விடுதலை கிடைக்கும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. தனக்காகப் பிணை நின்றவரின் சொல் பொய்த்துவிடக் கூடாது என்பது ஒன்றே அதற்குக் கணக்கு. தவக்குல், அதாவது இறைவனிடம் முழுதாக ஒப்படைத்து நம்புதல், என்று நம் பெரியவர்கள் சொல்வதற்குத் தமிழில் இதைவிட நல்ல பாட்டை நான் காணவில்லை.

இந்தப் படலம் உள்ள நுபுவ்வத்துக் காண்டத்திலேயே ஈமான் கொண்டவர்கள் ஹபஷா நாட்டுக்குப் போன வரலாறும் வருகிறது. ஏறத்தாழ கி.பி. 615இல் மக்கத்தாரின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். அல்லாஹ்வை நம்புவது என்றால் அடிபட்டுக்கொண்டு அசையாமல் இருப்பது என்று பயான் செய்வோர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனை நம்பச் சொன்னது நபிமொழி.

யூசுப் நபியின் கதை இன்னும் கூர்மையானது. மதாறு சாகிபுப் புலவர் போன்றோர் அதைக் கிஸ்ஸாவாகத் தமிழில் தந்தார்கள். கேட்கும் கூட்டத்துக்குக் கனவும் அழகும் அரண்மனையும் இனித்தன. மூலமான குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திலோ நடுவில் ஒரு சிறை இருக்கிறது. பாவத்தைவிடச் சிறையே மேல் என்று வேண்டியவர் சிறைக்கே போகிறார். அவர் நிரபராதி என்பதற்கான சாட்சி, பின்பக்கம் கிழிந்த சட்டை, அதற்கு முன்பே எல்லோரும் கண்டதுதான். சிறைத் தோழன் ஒருவன் விடுதலையாகும்போது, எசமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டுக்கொள்கிறார். அவன் மறந்துவிடுகிறான். ஆண்டுகள் சில போகின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றி அத்தியாயம் விவரிப்பதில்லை. அரசனின் கருவூலம் கையில் வந்தது பிற்பாடு. கிஸ்ஸாக்காரர்கள் அதை நோக்கி விரைந்துவிட்டார்கள் என்பது என் குறை.

அய்யூப் நபியை, பைபிளின் யோபுவை, இங்கே நோயையும் பொறுமையையும் சொல்லவே அழைக்கிறோம். யோபுவின் நண்பர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும். நீ ஏதோ தவறு செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று வாதாடிய அவர்களைத்தான் அந்நூலில் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார். இலஞ்சம் வாங்க மறுத்துத் தூர இடத்துக்கு மாற்றலானவரைப் பார்த்து, கொஞ்சம் வளைந்து போயிருக்கலாமே என்று சொல்லும் நண்பர் எந்த ஊரிலும் உண்டு.

நவீன இலக்கியத்துக்கு வந்தால் களம் மாறிவிடுகிறது. இதே கரையில் 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். பலஸ்தீனக் கவிதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கவிஞர் சோலைக்கிளி போர்க்காலத்தின் கொடுங்கனவுகளைப் படிமங்களாக்கினார். 2004 டிசம்பர் 26இல் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடல் வாரிக்கொண்டு போனதற்கும் கவிதைகள் எழுதப்பட்டன. இவை பெரும்பாலும் எதுவும் செய்யாமலே வந்து விழுந்த துன்பத்தைப் பேசுபவை. சரியானதைத் தெரிந்தெடுத்து, அதற்காகவே இழந்தவரின் மனம் வேறு. அந்த மனத்தை மையமாக வைத்த புனைவு நம் கரையில் மிகச் சொற்பம் என்றே நினைக்கிறேன்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. 1980களிலும் 1990களிலும் தமிழரும் முஸ்லிம்களும் பிளவுண்ட நாட்களில், அயல்வீட்டாரைத் தம் வீட்டில் மறைத்து வைத்து அதனால் தம்மவராலேயே துரோகி என்று பழிக்கப்பட்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதவியும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. அவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள், காலமாகிவிட்டார்கள். எஞ்சியிருக்கும் மூத்தம்மாமாரிடமும் அம்மாச்சிமாரிடமும் இளைய எழுத்தாளர்கள் இப்போதே போய்க் கேட்டு எழுத வேண்டும். அந்த இரவுகளில் எதை நம்பிக் கதவைத் திறந்தீர்கள் என்பதையே முதற்கேள்வியாக வையுங்கள்.