டெக்ஸ்சர் என்றொரு சாக்கு

விளம்பரப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் பயிலரங்கு ஒன்றில் மாணவர்களிடம் சொன்னார்: “வட சென்னையே ஒரு டெக்ஸ்சர். ராயபுரம், காசிமேடு, எண்ணூர், எங்கே கேமராவை வைத்தாலும் டெக்ஸ்சர்தான்.” மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் உறுத்தியது. வட சென்னைக் கதையான ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படம் வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஷூவோ பைக்கோ குளிர்பானமோ, விற்கிற பொருள் எதுவானாலும் அது திரைக்கு வருமுன் துருப்பிடித்த சங்கிலி, கன்டெய்னரின் தாழ்ப்பாள், கையில் சுற்றப்படும் பாக்ஸிங் பேண்டேஜ், வலை பின்னும் விரல், புகைபோக்கி என்று ஐந்தாறு இன்சர்ட்டுகள், அதாவது ஒன்றை மட்டும் நெருங்கிக் காட்டும் துண்டு ஷாட்டுகள், வந்துபோகின்றன. அவற்றை ஒட்டவைக்க நடுநடுவே கேமராவைச் சடாரென்று திருப்பும் ஒரு விப் பேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நொடிக்கு 25 பிரேம் என்றால் 30 நொடி விளம்பரத்துக்கு மொத்தம் 750 பிரேம். அதையே 20 நொடி, 10 நொடி என்று சுருக்கித் தர வேண்டிய எடிட்டருக்கு இன்சர்ட் இல்லாமல் கை ஓடாது. எடுப்பதும் லேசான வேலை இல்லை. நொடிக்கு ஆயிரம் பிரேமில் ஒரு நீர்த்துளியைப் பிடிக்க எவ்வளவு விளக்கு வேண்டும் என்பது லைட்மேனைக் கேட்டால் தெரியும். துறைமுகத்துக்குள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவல் இருக்கிறது. எனவே வெளியே நின்று நீண்ட லென்ஸில்தான் கிரேனைப் பிடிக்க வேண்டும். பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் போன்றவர்கள் விளம்பரத்துக்கும் சினிமாவுக்குமாகப் போய்வந்து வளர்த்த கைத்திறன் இதில் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

நல்ல இன்சர்ட் எப்படி இருக்கும் என்பதற்கும் வட சென்னையிலேயே சான்று உண்டு. திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் ஆலையில் புல்லட்டின் டேங்க் மீது தங்க நிறக் கோட்டைக் கையாலேயே இழுப்பார்கள். பல காணொளிகளில் வந்துவிட்ட காட்சி. தூரிகை டேங்கைத் தொடுகிறது, வளைவில் ஒரே மூச்சில் ஓடுகிறது, முனையில் எடுக்கப்படுகிறது. அந்தக் கோடு முடியும்வரை ஷாட்டை வெட்டாமல் விட்டால் போதும்; கையின் பழக்கம், பல ஆண்டுப் பயிற்சி எல்லாம் தெரிந்துவிடும். பிரெஸ்ஸோனின் ‘பிக்பாக்கெட்’ (1959) படத்தில் திருடும் விரல்களைப் பார்த்தவர்களுக்கும் இது புரியும். ஒரு செயலின் தொடக்கமும் முடிவும் உள்ளே இருந்தால், இன்சர்ட் சிறிதாக இருந்தாலும் முழுமையானது.

இப்போது வருபவை அப்படியானவை இல்லை. காசிமேட்டில் ஒருநாள் பார்த்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் வரிசையாகக் கரையில் நிற்க, வலை வேலை நடந்துகொண்டிருந்தது. படப்பிடிப்பு யூனிட்டுகளுக்கும் அதுதான் வசதியான காலம். பெரியவர் ஒருவரின் கையை மேக்ரோ லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முடிச்சுப் போடும்போது கட்டைவிரல் நூலை மறைத்தது. “ஐயா, விரலைத் தூக்கிட்டு, நூலை இந்தப் பக்கமா இழுங்க” என்றார் உதவி இயக்குநர். “இப்டி போட்டா முடிச்சு நிக்காது தம்பி” என்றார் பெரியவர். பரவாயில்லை என்றார்கள். அவரும் சொன்னபடி போட்டார், ஏழெட்டு டேக். பேக்கப் சொன்ன பிறகு கத்தியை எடுத்து, லென்ஸுக்காகப் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு, அதே கண்ணிகளை மறுபடி பின்னத் தொடங்கினார்.

அவ்வளவு நெருக்கத்தில் போனால் திரையில் வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. முகம் இல்லை, ஊர் இல்லை, வசனம் இல்லை. இருக்கிற ஒன்றே ஒன்றான அந்த முடிச்சும் பொய்யானால், நெருங்கிப் போனது எதற்காக? இப்படி எடுக்கப்படும் ஷாட்டுகளின் மேல்தான் ஓயாத உழைப்பு, அலைக்கு அஞ்சாத நெஞ்சம் என்று கம்பீரக் குரலில் பின்னணி பேசுகிறார்கள். அந்தக் கை வலை பின்னிக்கொண்டிருப்பது கடலுக்குப் போக முடியாத, வருமானம் நின்றுபோன மாதங்களில் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

என் நெடுநாள் வழக்கு இதுதான்: விளம்பர இன்சர்ட் காரியத்தை வைத்துக்கொண்டு காரணத்தை வெட்டிவிடுகிறது. ராயபுரத்திலிருந்து வடக்கே கடலோரமாகக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களைப் பாருங்கள். ஓடும் கதாநாயகனின் கால் பட்டுத் தண்ணீர் தெறிக்க அவற்றைவிட நல்ல கல் கிடைக்காது. அந்தக் கற்கள் ஏன் அங்கே வந்தன? 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக நகரும் மணல் அதில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கரை அரித்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். நண்பர் டெக்ஸ்சர் என்று சொல்வது, ஒரு குப்பம் பின்வாங்கிப் பின்வாங்கி நின்ற இடத்தின் அடையாளம்.

டிரான்சிஷன் செய்வது இதைவிட மோசம். கேமரா சடாரென்று திரும்புகிறது. காசிமேட்டுக் கயிறு மங்கி எண்ணூர்ப் புகைபோக்கியாகத் தெளிகிறது. இடையில் இருப்பது பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை. துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நிற்கும் டிரெய்லர் லாரிகள், அவற்றுக்குள் புகுந்து பள்ளிக்கூடம் போகும் சைக்கிள்கள், கடல் பக்கம் கல், மறுபக்கம் ஆலைச் சுவர். அந்தச் சாலையில் போய்வந்தவர் எவருக்கும் வட சென்னை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காத்திருப்புதான். விப் பேன் தாண்டிப்போவதும் அதைத்தான்.

தாண்டிப் போய்ச் சேரும் எண்ணூரில் கழிமுகத்துச் சேறு சாம்பல் பூத்து வெளுத்திருக்கும். கேமராவுக்கு அது பனிபோலத் தெரியும். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து படிந்தது அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. நீர்மேல் எண்ணெய் வானவில்லாக மின்னும். மேக்ரோவில் எடுத்தால் மயிலிறகுபோல இருக்கும். அதே மாதம் 26ஆம் தேதி இரவு உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். வாயுவுக்கு டெக்ஸ்சர் இல்லை. அதை இன்சர்ட்டாக எடுக்க எவரும் வரமாட்டார்கள்.

“நாங்கள் எடுப்பது ஆவணப்படமா என்ன?” என்பார் நண்பர். நான் ஆவணப்படம் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுதிய, எண்ணூர்க் கழிமுகத்தைப் பேசும் ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ காணொளியாக வந்தது. அதுவும் ஒருவகையில் பரப்புரைதான். சொல்ல வந்த சேதியைப் பார்ப்பவர் தலையில் ஏற்றுவதற்காக எடுத்தது. ஆனால் பாடுகிறவர் எந்த ஊரில், எதன் முன்னால் நிற்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தது. ஒன்பது நிமிடம் அதற்குக் கிடைத்தது, எங்களுக்கு 30 நொடிதானே என்றால், கல்லுக்குக் கொடுத்த 25 பிரேமில் பாதியைச் சுவருக்குக் கொடுக்கலாம். நேரம் இல்லை என்பது சாக்கு. காரணம் தெரிந்தால் பொருள் விற்காது என்ற பயம்தான் உண்மை. துரு அழகாக இருக்க வேண்டும், துருப்பிடிக்கவிட்டவர் யார் என்று கேள்வி எழக்கூடாது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர் சொல்லலாம். அந்தப் பெரியவர் முடிச்சை அறுத்ததைப் பார்த்திருந்தால் அவரும் சற்று மிகைப்படுத்தியிருப்பார்.

பயிலரங்கில் குறிப்பெடுத்த மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ராயபுரத்துக் கற்களை எடுக்கப் போகும்போது, எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தெற்கே திருப்புங்கள். துறைமுகச் சுவர் தெரியும் இடத்திலிருந்து ஒரு ஷாட் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து எடிட்டரிடம் கொடுங்கள். அவர் வெட்டினால் வெட்டட்டும். வெட்டியது யார் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.