ஒரு துண்டு இறைச்சியும் ஓர் உடன்படிக்கையும்

சிறுவர்களுக்கானது என்று ஒருமுறை முத்திரை குத்தப்பட்டுவிட்டால் நமது விமர்சகர்கள் அதனைத் தீண்டுவதில்லை. கவிதைத் தொகுதியொன்றுக்குப் பத்துப் பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கும் நாம், ஏழு நிமிடம் ஓடும் கார்ட்டூன் படமொன்றைப் பற்றிப் பேச முற்பட்டால் "இதுவுமா?" என்றொரு புன்சிரிப்பே பதிலாகக் கிடைக்கும். அந்தப் புன்சிரிப்பைப் பொருட்படுத்தாமல் இங்கே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1948ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'த ட்ரூஸ் ஹேர்ட்ஸ்' என்ற டொம் அன்ட் ஜெரி படம் அது. உண்மை சுடும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு தொடரில், உண்மை என்ற சொல்லை எடுத்துவிட்டு அதனோடு ஓசையொத்த போர்நிறுத்தம் என்ற சொல்லை வைத்துத் தலைப்பிட்டிருக்கிறார்கள். போர்நிறுத்தம் சுடும்!

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940இலிருந்து 1958வரை எம்.ஜி.எம். கலைக்கூடத்தில் இந்தப் பூனையையும் எலியையும் வைத்து 114 குறும்படங்களை இயக்கினர். பார்பரா கதையையும் கோட்டோவியத்தையும் கவனித்துக்கொள்ள, ஹன்னா நேரக் கணக்கைக் கவனித்தார். எந்த அடி எத்தனையாவது நொடியில் விழவேண்டும் என்பது சிரிப்பின் உயிர்நாடி. அந்தக் கணக்கில் ஹன்னாவை விஞ்சியவர்கள் குறைவு. இசையமைப்பாளர் ஸ்கொட் பிராட்லியோ ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சுரம் வைத்தவர். இத்தொடருக்கு ஏழு ஓஸ்கார் விருதுகள் கிடைத்தன. நாம் பேச எடுத்த படம் அந்த ஏழில் இல்லை. விருது பெற்றவற்றுள் சிலவற்றைவிட இதுவே ஆழமான படம் என்பது எனது அபிப்பிராயம்.

கதை மிகச் சுருக்கமானது. எலி, பூனை, நாய் மூவரும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றனர். இடையில் நாய் சண்டையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்கிறது. பூனையும் நாயும் ஒத்துப்போக முடியாதா, எலியும் பூனையும் ஒத்துப்போக முடியாதா? (வேறு படங்களில் ஸ்பைக் என அறியப்படும் இந்த நாய்க்கு இதில் புட்ச் என்று பெயர்.) சமாதான உடன்படிக்கை எழுதப்படுகிறது. மூவரும் கையொப்பமிடுகின்றனர்.

அதன் பின்னர் வரும் பகுதியே எனக்கு இப்படத்தில் மிகவும் பிடித்தது. மூவரும் ஒன்றாக உறங்குகிறார்கள். ஒன்றாக எழுந்து காலைக் காரியங்களை முடிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் உபசரித்து உண்ணுகிறார்கள். அடிதடிப் படத்தில் அடிதடி நின்றால் சிரிப்பும் நின்றுவிடும் என்பதே பொதுவான எண்ணம். இங்கே அப்படி நிகழவில்லை. சண்டையில் அடியும் மறு அடியும் எந்தத் தாளத்தில் விழுந்தனவோ அதே தாளத்தில் இப்போது உபசாரமும் மறு உபசாரமும் நடக்கின்றன. நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு பதற்றம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு மரியாதை நெடுநேரம் தாங்காது என்று நமக்குத் தெரியும்.

இந்த மூவரின் நட்பைக் கண்டு வெளியார் திகைக்கின்றனர். ஜெரியைத் தின்ன வரும் வேறொரு பூனையை டொம்மே தடுக்கிறது. தன் இனத்தவன் தன் நண்பனைத் தின்ன வரும்போது இனத்தின் பக்கம் நிற்பதா, கையொப்பத்தின் பக்கம் நிற்பதா? படம் இக்கேள்வியை ஒரு கணத்துக்குள் எழுப்பி, கையொப்பத்தின் பக்கம் நின்று விடையளித்துவிட்டுப் போகிறது. இவர்களது சமாதானம் போலியானது என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியை மீண்டும் பார்க்கவேண்டும்.

பிறகு, இறைச்சி லொறியொன்றிலிருந்து ஒரு பெரிய இறைச்சித் துண்டு தெருவில் விழுகிறது. மூவரும் மகிழ்ச்சியோடு அதை எடுத்துக்கொள்கின்றனர். பங்கிடும் வேளை வருகிறது. ஒருவர் வெட்டும்போது பெரும்பங்கு வெட்டியவர் பக்கமே விழுகிறது. அடுத்தவர் வெட்டினாலும் அதே கதிதான். ஆக வலிமை குறைந்த எலியும் இதற்கு விலக்கல்ல. இழுபறியில் இறைச்சி கைநழுவிப் போய் வடிகானுக்குள் விழுகிறது.

பழைய பகை மீண்டும் தலைதூக்கியதால் உடன்படிக்கை முறிந்தது என்று படம் காட்டவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பூனைக்கு எலிமீது பசி வரவில்லை. நாய்க்குப் பூனைமீது ஆத்திரம் வரவில்லை. இல்லாமையிலும் அன்றாடத்திலும் அவர்கள் நன்றாகவே சேர்ந்து வாழ்ந்தார்கள். உழைக்காமல் வந்த ஒரு பெருஞ்செல்வம்தான் அவர்களைப் பிரித்தது. உடன்படிக்கையில் அடிக்கக்கூடாது என்று இருந்தது. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்று இருக்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைப்பதைப் பற்றி மட்டும் பேசி, பங்கைப் பற்றிப் பேசாமல் விட்ட எந்தக் கடதாசிக்கும் இதே விதிதான் என்பதை ஹன்னாவும் பார்பராவும் ஒரு வசனமும் இல்லாமல் ஒரு கத்தியால் காட்டிவிடுகின்றனர்.

விலங்குகளின் பகையும் உடன்பாடும் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபுக்குக் கொண்டுவந்த 'கலீலா வதிம்னா'வில் எலியும் பூனையும் உடன்பாடு செய்துகொள்ளும் கதையொன்றுண்டு. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் இக்கதை இருக்கிறது. பூனை வலையில் அகப்பட்டிருக்கிறது. எலியையோ கீரியும் ஆந்தையும் குறிவைத்துக் காத்திருக்கின்றன. இருவரும் உடன்படுகிறார்கள். ஆனால் எலி வலையின் கடைசி இழையை மட்டும் அறுக்காமல் வைத்திருந்து, வேடன் நெருங்கும் கணத்திலேயே அறுக்கிறது. ஆபத்து நீங்கியபின் பூனை நட்புக்கு அழைக்கும்போது தூரத்தில் நின்றே பதில் சொல்கிறது. அந்த எலியின் சமாதானம் தேவையிலிருந்து பிறந்தது. அதன் எல்லையும் அதற்குத் தெரியும். உபைத் சாக்கானியின் பெயரில் வழங்கும் பாரசீகக் கவிதையான 'எலியும் பூனையும்' இன்னும் கசப்பானது. அங்கே பூனையின் மனந்திருந்தலே ஒரு பொறி. இவ்விரண்டையும் படித்துவிட்டு இந்தக் கார்ட்டூனுக்கு வந்தால் ஒரு வேறுபாடு பளிச்சிடுகிறது. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூவரும் களைப்பினால் சமாதானத்துக்கு வந்தவர்கள், மனதார வந்தவர்கள். அப்படியிருந்தும் முறிகிறது. பழைய கதைகளின் எச்சரிக்கையைவிட இது கடுமையானதாக எனக்குப் படுகிறது.

இதே இயக்குநர்கள் 1943இல் எடுத்த 'யாங்கி டூடில் மவுஸ்' இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே வெளிவந்தது. முட்டை கைக்குண்டாகிறது, நிலவறை போர்க்களமாகிறது, எலி வெற்றிவீரனாகிறது. அதற்கு ஓஸ்கார் கிடைத்தது. ஐந்தாண்டுகள் கழித்து எடுத்த சமாதானப் படத்தில் வெற்றி பெறுபவர் எவருமில்லை. இதில் உலக அரசியல் குறியீடு தேடுபவர்களோடு நான் சேரவில்லை. யுத்தத்தை நகைச்சுவையாக்குவதைவிடச் சமாதானத்தை நகைச்சுவையாக்குவது கடினம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி, பாராட்டு மட்டும் போதாது. இறைச்சி லொறி வரும்போது தெருவில் தேங்கிய சேறு மூவர்மீதும் தெறிக்கிறது. அடுத்த கணம் அவர்களது முகங்கள் கறுத்து, உதடு தடித்த கேலி முகங்களாகிவிடுகின்றன. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவரை ஏளனம் செய்த மேடை மரபின் எச்சம் இது. மூன்று பகைவர்கள் சமமானவர்கள் என்று சொல்லவந்த படம், வழியில் நின்று நான்காமவரை அவமதித்துவிட்டுப் போகிறது. அந்த நான்காமவருக்கு உடன்படிக்கையில் பெயரும் இல்லை. இத்தொடரின் வேறு படங்களில் வரும் கறுப்பினப் பணிப்பெண்ணைப் பெரும்பாலும் காலும் குரலுமாகவே காட்டியதும் இதே பார்வைதான். குரல் கொடுத்த லிலியன் ராண்டல்ஃப் திறமை வாய்ந்த நடிகை என்பது வேறு விடயம்.

தொலைக்காட்சி நிலையங்கள் அச்சேற்றுக் காட்சியை வெட்டிவிட்டே ஒளிபரப்பி வந்தன. வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வெட்டினால் படம் சுத்தமாகிவிடுகிறது, எடுத்தவர்களும் சுத்தமாகிவிடுகிறார்கள். 2005இல் வெளியான இறுவட்டுத் தொகுப்பொன்றில் நடிகை வூபி கோல்ட்பேர்க் தோன்றி, இவை அக்காலத்தின் இனவாத மனநிலையைக் காட்டுபவை, மறைப்பதும் பிழை என்ற கருத்தில் பார்வையாளருக்கு எடுத்துரைத்தார். பெரியவர்களுக்கு அதுவே நேர்மையான வழி. நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னுரை கேட்கும் பொறுமை இருக்குமா என்பது வேறு கேள்வி. அங்கே பெற்றோர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

படத்தின் முடிவில் நாய் உடன்படிக்கையைக் கிழித்துப் பூனையிடம் கொடுக்கிறது. பூனை அதைக் கிழித்து எலியிடம் கொடுக்கிறது. எலி மிச்சத்தைப் பொடிப்பொடியாகக் கிழிக்கிறது. இறைச்சியைப் பங்கிட முடியாதவர்கள் கிழிக்கும் வேலையை மட்டும் வரிசை தவறாமல் பங்கிட்டுக்கொள்கின்றனர். பிறகு பழைய தாளத்தில் பழைய அடி தொடங்குகிறது.