எஸ் கிடைச்சிருச்சுடோய்!

சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிருங்க. மீசையில நரைச்ச முடிக்குச் சாயம் தேடற வயசுல, ஒரு வீடியோ கேமுக்காக சோபா மேல ஏறி நின்னு கத்தினேன். கீழ் வீட்டம்மா என்னமோ ஏதோன்னு மாடிக்கே வந்துட்டாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? 'எஸ் கிடைச்சிருச்சுங்க்கா'ன்னா புரியுமா?

உங்களுக்குப் புரிஞ்சிருந்தா நீங்க நம்ம ஆளு. காண்ட்ரா ஆடி வளர்ந்த ஆளு. அந்தக் காண்ட்ராவோட வாரிசு, 'காண்ட்ரா: ஆபரேஷன் கலூகா', 2024 மார்ச் 12-ல் வந்தது. பனியன் ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட்னு ஓடுனதுல நான் கையில எடுக்கவே இவ்வளவு நாளாச்சு.

கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. தொண்ணூறுகள், மே மாச லீவு, ராயபுரத்துல ஒரு லைன் வீடு, சுவத்துக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனி, ஓவர்லாக் சத்தம் நிக்கவே நிக்காது, வாசல்ல பிசிறு வெட்டற அக்காங்க, உள்ளே சாலிடேர் டிவி முன்னாடி தரையில நாங்க. நிண்டெண்டோவோட ஒரிஜினல் மெஷினை எவன் கண்டான்? அதைப் பாத்துச் செஞ்ச நகல்தான் நம்மூருக்கு வந்தது, அதுக்குப் பேரே டிவி கேம்தான். மஞ்சக் கலர் கேசட்டு மேல 9999999 இன் 1-னு போட்டிருக்கும், உள்ளே பாத்தா காண்ட்ரா, மாரியோ, மறுபடியும் காண்ட்ரா. படம் வரலைன்னா கேசட்டைக் கழட்டி வாயால ஊதணும். ஊதினா வரும்! ஏன்னு அப்பவும் கேட்டதில்லை, இப்பவும் கேக்க மாட்டேன்.

1987-ல் கொனாமி கம்பெனி காண்ட்ராவை ஆர்கேடுக்குத்தான் முதல்ல விட்டுச்சு, அடுத்த வருசம் வீட்டு மெஷினுக்கு வந்தது. ஹீரோக்கள் பில் ரைசர், லான்ஸ் பீன். எங்களுக்கு நீலப் பேண்ட்டு, செவப்புப் பேண்ட்டு, அவ்வளவுதான். ஒரு குண்டு பட்டாச் செத்தோம், மொத்தம் மூணே உயிரு. அதனாலதானே அந்த மந்திரம்: மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ, ஸ்டார்ட்டு. முப்பது உயிரு! கஸுஹிசா ஹாஷிமோட்டோங்கற மனுசன் 1986-ல் 'கிரேடியஸ்' கேமை வீட்டு மெஷினுக்கு மாத்தும்போது, அது ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு, தான் டெஸ்ட் பண்ண வெச்சுக்கிட்ட குறுக்குவழி அது. 2020-ல் காலமாயிட்டாரு. அவருக்கு ஒரு கும்பிடு.

பயம் இருந்துச்சுங்க, மறைக்கல. 2019-ல் 'ரோக் கார்ப்ஸ்'னு ஒண்ணு வந்துச்சே, அந்தப் பேச்சே வேண்டாம். ஆனா இந்தத் தடவை செஞ்சது வேஃபார்வர்ட், 2007-ல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு 'காண்ட்ரா 4' போட்ட அதே கைங்க. அந்த ஒரு நம்பிக்கையில ஞாயித்துக்கிழமை, அப்பக் கூட ஆடுன மாப்ளையைக் கூப்பிட்டேன். இப்ப அவன் கட்டிங் மாஸ்டர், ஊர்ல நாலு பேரு மதிக்கிற ஆளு. கன்ட்ரோலரைக் கையில வாங்கினதும் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டான், சோபா காலியாத்தான் கிடந்துச்சு.

கேம் முதல்லயே கேக்குது: ரெண்டு மூணு அடி தாங்கற மாதிரி ஆடறீங்களா, இல்ல பழையபடி ஒரே அடியிலயே சாகறீங்களா? மாப்ள என்னை முறைச்சான். "இதெல்லாம் ஒரு கேள்வியாடா?" ஒரே அடிதான்! அதே காடு, அதே ஓட்டம், வெரலுக்கு எல்லாமே ஞாபகம் இருக்குங்க, மூளை யோசிக்கறதுக்குள்ள கட்டை வெரலு குதிக்குது, அந்தா மேல ஒரு கேப்சூல் பறக்குது, சுடுறா, சுடுறா மாப்ளேங்கறேன், வெடிச்சு விழுந்தது என்ன எழுத்துன்னு நெனைக்கறீங்க, எஸ், எஸ்ஸுங்க, ஒரே அழுத்துல குண்டு விசிறி மாதிரி பிரிஞ்சு பறக்குது, திரை முழுக்க செவப்பு, அந்த நேரத்துலதான் நான் சோபா மேல ஏறினது, அதே எழுத்தை இன்னொருக்கா எடுத்தா துப்பாக்கி இன்னும் பலமாகுது, வேணும்னா அதையே பலி கொடுத்து ஒரு பெரிய வித்தை காட்டலாம்னு புதுசா ஓவர்லோடுன்னு ஒண்ணு வெச்சிருக்கான், மாப்ளகிட்டச் சொன்னேன், அவன் "எஸ்ஸைப் போயி எவனாச்சும் ஒடைப்பானா?"ன்னு கடைசி வரைக்கும் அந்தப் பட்டனை அமுக்கவே இல்ல, பறக்கற பைக்குல ஒரு லெவல், அருவியில ஒரு லெவல், அருவின்னதும் அவன் பழக்க தோசத்துல "சீக்கிரம் மேல போயிராதடா, நான் செத்துருவேன்!"னு அலறறான். பழசுல ஒருத்தன் வேகமா ஏறிட்டா கீழ நிக்கறவன் திரைக்கு வெளிய போயிச் செத்தே போவான், அதுக்காக வாரக் கணக்குல பேசாம இருந்திருக்கோம்!

மாப்ளையோட பையன் வேற, "மாமா, எனக்கு ரோபோ வேணும்"னு ஒரே அடம். அந்த ரோபோ சும்மா வந்ததில்ல. ஐரோப்பாவுல மனுசனை மனுசன் சுடறது ஆகாதுன்னு, ஹீரோக்களையே ரோபோவா மாத்தி, பேரையும் 'ப்ரோபோடெக்டர்'னு மாத்தித்தான் அந்தக் காலத்துல வித்தாங்க. ஐரோப்பா பையருங்க கேட்டபடி சாம்பிளை மாத்தி மாத்திக் கொடுக்கற நம்ம பொழப்புத்தான் கொனாமிக்கும்! அந்த ரோபோவையே இங்க கௌரவமா ஒரு ஆளா எடுத்து ஆடலாம். இப்படி மறக்காம கூப்பிட்டு உக்கார வெக்கறதுக்குப் பேர்தானுங்க மரியாதை.

குறை? நடுநடுவுல கொஞ்சம் வசனம் பேசறாங்க. தாண்டி விட்ரலாம். எட்டே லெவல்தானான்னு ஒருத்தன் கேட்டான். பழசுலயும் எட்டுதான் தம்பி, போயி எண்ணிப் பாரு.

ஆர்கேட் மோடுல நாலு பேரு சேந்து ஆடலாமாம். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு நானு, மாப்ள, அவன் பையன், மூணு பேரு ஆச்சு. நாலாவது ஆளு வேணும். அருவியில பாத்து ஏறத் தெரிஞ்சவங்களா இருந்தாப் போதும். எஸ் மட்டும் எனக்குத்தான், அதை இப்பவே சொல்லிட்டேன்.